கேள்வி யாருடையது? பங்கேற்புச் செயலாய்வும் அரங்கும்

1973ஆம் ஆண்டு பெரு நாட்டின் ராணுவ அரசு பெரிய அளவில் ஓர் எழுத்தறிவு இயக்கத்தை நடத்தியது. பிரேசிலில் கைதாகிச் சித்திரவதைக்குள்ளாகி 1971இல் நாட்டைவிட்டு வெளியேறிய நாடகக்காரர் அகுஸ்தோ போவால், அந்த இயக்கத்தின் அரங்கப் பணிகளில் பங்கெடுத்தார். கற்க வந்தவர்களிடம் கேமராவைக் கொடுத்து, கேட்கப்படும் கேள்விக்கு விடையைப் படமாக எடுத்துவரச் சொல்வது அங்கே கையாண்ட வழிகளில் ஒன்று. லிமாவில் ‘சுரண்டல் என்றால் என்ன?’ என்ற கேள்விக்கு ஒரு சிறுவன், சுவரில் அறைந்திருந்த ஓர் ஆணியைப் படமெடுத்து வந்தான். பெரியவர்களுக்கு அது விளங்கவில்லை. உடனிருந்த சிறுவர்களுக்கோ விளக்கமே தேவைப்படவில்லை. அங்கே சிறுவர்கள் பலர் தெருவில் காலணிக்கு மெருகு போட்டுப் பிழைத்தவர்கள். குடியிருப்பு நகரத்துக்கு வெகு தொலைவில் இருந்தது. தொழில் நகரத்தின் நடுவில் இருந்தது. கனமான பெட்டியைத் தினமும் சுமந்து போய்வர முடியாததால், இரவில் அதை மாட்டிவைக்க ஏதாவதொரு கடைச்சுவரின் ஆணியை அவர்கள் வாடகைக்கு எடுத்தார்கள். ஒவ்வோர் இரவுக்கும் கடைக்காரருக்குக் காசு கொடுத்தார்கள்.

எந்த ஆய்வாளரின் வினாப்பட்டியலிலும் அந்த ஆணி இடம்பெற்றிருக்க வாய்ப்பில்லை. வருமானம் எவ்வளவு, பள்ளிக்கூடம் போகிறாயா, வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டிருப்பார்கள், சிறுவர்களும் பதில் சொல்லியிருப்பார்கள், அட்டவணை நிரம்பியிருக்கும். விளிம்புக்குத் தள்ளப்பட்டவர்களைப் பற்றிய ஆய்வுகளில் காலங்காலமாக நேர்வது இதுதான். அவர்களிடமிருந்து தகவல் எடுக்கப்படுகிறது, ஆனால் எதைப் பற்றித் தகவல் எடுப்பது என்பதை அவர்கள் தீர்மானிப்பதில்லை. எடுத்த தகவலுக்குப் பொருள் சொல்வதும் வேறொருவர். கடைசியில் வெளியாகும் அறிக்கை அவர்கள் படிக்காத மொழியில், அவர்கள் போகாத கட்டடம் ஒன்றில் அடைந்துகிடக்கிறது. பங்கேற்புச் செயலாய்வு என்ற முறை, இந்த மூன்று இடங்களிலும் தீர்மானிக்கும் உரிமை பாதிக்கப்பட்டவர்கள் கைக்கு மாற வேண்டும் என்று கேட்டு எழுந்தது. அரங்கு அதனோடு சேர்ந்ததற்கான காரணமும் இங்கேதான் இருக்கிறது.

இம்முறைக்கு ஒற்றை மூலவர் கிடையாது. ஜெர்மனியிலிருந்து அமெரிக்கா சென்ற யூத உளவியலாளர் குர்ட் லெவின், சிறுபான்மையினர் மீதான ஒதுக்கலைப் பற்றி 1946இல் எழுதிய கட்டுரையில், மாற்றத்தை உண்டாக்கிப் பார்த்துக்கொண்டே ஆராயும் முறையை முன்வைத்தார். பிரேசில் கல்வியாளர் பாவ்லோ ஃப்ரெய்ரேயின் சிந்தனை, கற்பவரின் வாழ்க்கையே பாடத்தின் தொடக்கமாக வேண்டும் என்றது. கொலம்பியாவின் கரீபியக் கரையோர உழவர்கள் 1970களின் தொடக்கத்தில் நிலத்துக்காகப் போராடிக்கொண்டிருந்தபோது, சமூகவியலாளர் ஓர்லாண்டோ ஃபால்ஸ் போர்தா தம் ஆய்வை அவர்களுடைய அமைப்பின் தேவையோடு பிணைத்துக்கொண்டார். அந்தப் பகுதியின் பழைய நிலப்போராட்ட வரலாறு முதியவர்களின் நினைவிலிருந்தும் வீட்டுப் பெட்டிகளில் கிடந்த தாள்களிலிருந்தும் திரட்டப்பட்டு, ஓவியர் உலியானோவ் சலார்க்காவின் கையால் சித்திரக்கதைப் புத்தகங்களாக உழவர்களிடமே திரும்பிப் போனது. கண்டறிந்ததை உரியவரிடம் ஒழுங்காகத் திருப்பித் தருவது ஆய்வின் ஒரு பகுதியே என்பதில் ஃபால்ஸ் போர்தா உறுதியாக இருந்தார். 1977இல் கார்தஹேனா நகரில் நடந்த உலகக் கருத்தரங்கு, பல நாடுகளில் தனித்தனியே நடந்துவந்த இத்தகைய முயற்சிகளை ஒன்றுசேர்த்தது.

அரங்கு இதில் வெறும் பரப்புரைக் கருவியாக நுழைந்திருந்தால் எழுதுவதற்கு அதிகம் இருந்திருக்காது. ஆய்வின் முடிவை நாடகமாகப் போட்டுக் காட்டுவது பயனுள்ள வேலைதான், ஆனால் அப்போதும் முடிவெடுத்தவர் ஒருவர், பார்ப்பவர் இன்னொருவர். போவாலின் ‘ஒடுக்கப்பட்டோர் அரங்கு’ இந்தப் பிரிவினையைத் தொட்டது. அதன் முக்கிய வடிவமான விவாத அரங்கில், தீர்வு காணப்படாத ஓர் அநீதி சிறு நாடகமாக ஆடப்படுகிறது. இரண்டாம் முறை ஆடும்போது, பார்வையாளர்களில் யார் வேண்டுமானாலும் ‘நிறுத்து’ என்று சொல்லி மேடைக்கு வந்து, ஒடுக்கப்படும் பாத்திரத்தின் இடத்தில் நின்று, தாமாக இருந்தால் என்ன செய்வார் என்பதைச் செய்து காட்டலாம். எதிர்ப்பாத்திரங்களை ஆடுவோர் எளிதில் விட்டுக்கொடுக்கக் கூடாது. முதலாளி முதலாளியாகவே நடந்துகொள்ள வேண்டும், அலுவலர் அலுவலராகவே நடந்துகொள்ள வேண்டும். ஆகவே சொல்லப்படும் ஒவ்வொரு யோசனையும் அங்கேயே சோதனைக்குள்ளாகிறது. ‘புகார் கொடு’ என்று உட்கார்ந்த இடத்திலிருந்து சொல்வது சுலபம். மேடையேறிப் புகார் கொடுக்கப் போகிறவருக்கு, யாரிடம் போவது, கூலியை விட்டுவிட்டு எந்த நாளில் போவது, திரும்பி வந்தபின் அதே முதலாளியிடம் எப்படி வேலைக்கு நிற்பது என்ற கேள்விகள் ஒவ்வொன்றாக முன்வந்து நிற்கும். பல பேர் பல வழிகளை முயன்று தோற்கும்போது, அந்த ஒடுக்குமுறை எங்கே வலுவாக இருக்கிறது, எங்கே தளர்வாக இருக்கிறது என்பது கூட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது. என் பார்வையில் இதை ஆய்வு என்று சொல்லத் தயங்க வேண்டியதில்லை. கருதுகோளும் சோதனையும் திருத்தமும் இதில் இருக்கின்றன. கேள்வியால் பாதிக்கப்பட்டவரே அதை ஆராய்கிறார்.

இம்முறை முழுமையாக இயங்கினால் என்ன ஆகும் என்பதற்கு கென்யாவின் கமிரீத்து கிராமத்தைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. அங்கே யாரும் பங்கேற்புச் செயலாய்வு என்ற பெயரைச் சொல்லிக்கொண்டு தொடங்கவில்லை. நைரோபியிலிருந்து ஏறக்குறைய 30 கிலோமீட்டர் தொலைவில், லிமுருவை அடுத்திருக்கும் அவ்வூர், 1950களில் தன் ஆட்சிக்கு எதிரான மாவ் மாவ் எழுச்சியை ஒடுக்குவதற்காக பிரிட்டிஷ் அரசு மக்களைக் கட்டாயமாகக் குடியமர்த்திய நெருக்கடிக்காலக் கிராமங்களுள் ஒன்று. விடுதலைக்குப் பிறகும் அங்கிருந்தவர்கள் தேயிலைத் தோட்டங்களிலும் அருகிலிருந்த பன்னாட்டுக் காலணித் தொழிற்சாலையிலும் குறைந்த கூலிக்கு உழைத்தார்கள். பலர் வேலையின்றி இருந்தார்கள். 1976இல் ஒரு நாள் அவ்வூர்ப் பெண் ஒருவர் எழுத்தாளர் கூகி வா தியாங்கோவின் வீட்டுக்கு வந்து, நிறையப் படித்திருக்கிறீர்களாமே, புத்தகம் எழுதுகிறீர்களாமே, அந்தப் படிப்பில் கொஞ்சம் ஊருக்கும் கொடுத்தால் என்ன என்று கேட்டார். ஒரு முறையோடு விடவில்லை, மறுபடியும் மறுபடியும் வந்தார். அழைப்பு எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

நைரோபிப் பல்கலைக்கழகத்தின் வளர்ச்சி ஆய்வு நிறுவனத்தோடு தொடர்புடைய கூகி வா மீரீயும் சேர்ந்துகொள்ள, ஃப்ரெய்ரேயின் வழியில் முதியோர் எழுத்தறிவு வகுப்பு தொடங்கியது. நாடகம் அதன் தொடர்ச்சியாக வந்தது. இரண்டு கூகிகளும் கிக்குயு மொழியில் ஒரு முன்வரைவு எழுதினார்கள். ஒன்றரை ஏக்கர் நிலமும் அதன் உரிமைப் பத்திரமும் மட்டுமே சொத்தாகக் கொண்ட ஒரு கூலித் தொழிலாளியின் குடும்பம், ஒரு பணக்காரரின் சூழ்ச்சியால் அதையும் இழக்கும் கதை. 1977 ஜூனில் வாசிப்பு தொடங்கியது. திறந்தவெளியில், வருவோர் போவோர் எல்லோரும் பார்க்கும்படி ஒத்திகை நடந்ததால் திருத்தங்கள் குவிந்தன. முதியவர் பாத்திரத்துக்கு எழுதியிருந்த பேச்சு முதியவர் பேசும் பேச்சாக இல்லை என்றார்கள். பெரியவர்கள் எப்படி மறைபொருளாகவும் பழமொழியாகவும் பேசுவார்கள் என்று எழுத்தாளருக்கே கற்றுக்கொடுத்தார்கள். ‘கிதீரோ’ என்ற பாடல் வடிவம் தேவைப்பட்டபோது, எழுதப் படிக்கத் தெரியாத ஒரு மூதாட்டி அதை வரிவரியாகச் சொல்லித் தந்தார். மேடைக்கு வேண்டிய பொய்த் துப்பாக்கிகளைச் செய்தவர்கள், 1950களில் மாவ் மாவ் போராளிகளுக்கு மெய்த் துப்பாக்கிகளைச் செய்து கொடுத்தவர்களே.

இவற்றுக்கெல்லாம் மேலாக ஒரு நிகழ்ச்சியைக் கூகி வா தியாங்கோ பதிவுசெய்திருக்கிறார். நாடகத்தில் வரும் தொழிற்சாலைத் தொழிலாளியின் பேச்சைச் சரிசெய்ய, உண்மையான தொழிலாளர்கள் உட்கார்ந்து தம் நிலைமையை விளக்கினார்கள். ஒரு நாளைக்கு எத்தனை காலணி செய்கிறோம், அதன் விலை என்ன, நமக்கு மாதக்கூலி எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்த்தபோது, ஒரே நாளில் உற்பத்தியாகும் காலணியின் மதிப்பு, அங்கே வேலைசெய்யும் ஏறக்குறைய 3000 பேருடைய மாதக்கூலி முழுவதற்கும் ஈடாக இருப்பதைக் கண்டார்கள். அப்படியானால் மீதி 29 நாளும் யாருக்காக உழைக்கிறோம் என்ற கேள்வி அந்த ஒத்திகைக் களத்தில் எழுந்தது. பல்கலைக்கழகத்திலிருந்து ஒருவர் வந்து இதே கணக்கை எழுதிக்கொண்டு போயிருந்தால் அது ஒரு கட்டுரையின் அடிக்குறிப்பாகியிருக்கும். இங்கே கணக்கைப் போட்டவர்களே அதை வசனமாக்கினார்கள். தம் உறவினர்களுக்கும் உடன் உழைப்பவர்களுக்கும் முன்னால் சொன்னார்கள்.

ஊரார் தாங்களே வடிவமைத்துக் கட்டிய, 2000 பேருக்குமேல் அமரக்கூடிய திறந்தவெளி அரங்கில் 1977 அக்டோபர் 2ஆம் தேதி ‘ஙாஹிகா ந்தேண்டா’ என்ற அந்த நாடகம் மேடையேறியது. தொலைவிலிருந்தெல்லாம் மக்கள் திரண்டு வந்தார்கள். நவம்பர் 16ஆம் தேதி அரசு உரிமத்தை நீக்கி நாடகத்தை நிறுத்தியது. ஆண்டின் கடைசி நாளில் கூகி வா தியாங்கோ விசாரணையின்றிச் சிறைவைக்கப்பட்டு, ஏறக்குறைய ஓராண்டு காமிட்டிச் சிறையில் இருந்தார். இதே ஆண்டில், விடுதலைக்குப் பிந்தைய ஆளும் வர்க்கத்தைக் கடுமையாக விமர்சிக்கும் அவருடைய ஆங்கில நாவல் வெளிவந்தபோது, நிதியமைச்சர் முவாய் கிபாகியே விழாவில் அதை வெளியிட்டுவைத்தார் என்பதை இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். கூகியின் கருத்து பெரிதாக மாறிவிடவில்லை. கருத்தை உருவாக்கியவர்களும் பேசியவர்களும் மாறியிருந்தார்கள். 1982இல் இரண்டாம் நாடகத்துக்கு ஒத்திகை நடந்தபோது அதற்கும் தடை வந்தது. மார்ச் மாதம் கமிரீத்து மையமே சட்டவிரோதமாக்கப்பட்டு, ஆயுதம் தாங்கிய போலீசார் லாரிகளில் வந்து அரங்கை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். இரு கூகிகளும் நாடு திரும்ப முடியாதவர்களானார்கள். கூகி வா மீரீ ஜிம்பாப்வேயில் சமூக அரங்கப் பணியைத் தொடர்ந்து, 2008இல் அங்கேயே காலமானார்.

கமிரீத்துவுக்கு முன்பே, 1974இல் போட்ஸ்வானாவின் வடகிழக்கில் ‘லாயெட்ஸா பட்டனானி’ என்ற இயக்கம் நாடகத்தை வளர்ச்சிப் பணியோடு இணைத்திருந்தது. ஊர்க் கூட்டங்களில் பிரச்சினைகளைக் கேட்டறிந்து, பணியாளர்கள் நாடகமாக்கி ஊர்ஊராகக் கொண்டுபோய், ஆடி முடித்ததும் கலந்துரையாடினார்கள். மாட்டுத் திருட்டு, சுகாதாரம், பால்வினை நோய் போன்றவை மேடைக்கு வந்தன. பின்னாளில் இதை ஆராய்ந்த ராஸ் கிட் போன்றவர்கள், அந்த இயக்கத்தோடு தொடர்புடையவர்களாக இருந்தும், கடுமையான ஒரு குறையைச் சுட்டினார்கள். திட்டமிடும் கூட்டங்களில் ஊரின் செல்வாக்குள்ளவர்கள் குரலே ஓங்கியிருந்ததால், மாட்டைத் திருடுவது பிரச்சினையாக ஏற்கப்பட்டது, மாடுகள் ஒரு சிலரிடமே குவிந்திருப்பது பிரச்சினையாக வரவில்லை. ஏழைகளின் பழக்கவழக்கம் திருத்தப்பட வேண்டியதாகக் காட்டப்பட்டது. பங்கேற்பு இருந்தது, கூட்டம் வந்தது, பேச்சும் நடந்தது. ஆனால் ‘ஊர்’ என்பது ஒரே மனமுள்ள ஒன்று என்று எடுத்துக்கொண்டதால், ஊருக்குள்ளேயே விளிம்பில் இருந்தவர்கள் இரண்டாம் முறையும் வெளியே நிறுத்தப்பட்டார்கள். இன்றைக்கு நம் பக்கத்தில் நடக்கும் விழிப்புணர்வு நாடகங்களில் பெரும்பாலானவை கமிரீத்துவைவிட இந்த வகைக்கே நெருக்கமானவை என்பது என் மதிப்பீடு. கை கழுவுதல், கழிப்பறை, சேமிப்பு எனத் தலைப்பு முன்கூட்டியே தீர்மானமாகி வந்துவிடுகிறது.

அரங்கில் எழுந்த யோசனை அரங்கோடு கரைந்துபோகாமல் பிடித்துவைக்க முடியுமா என்ற கேள்விக்குப் போவால் பின்னர் ஒரு விடை தேடினார். ரியோ டி ஜெனிரோவில் 1993 முதல் 1996 வரை நகரமன்ற உறுப்பினராக இருந்தபோது, குடிசைப்பகுதிகளிலும் முதியோர், பார்வையற்றோர், வீட்டுப் பணியாளர் போன்ற குழுக்களிலும் விவாத அரங்கு நடத்தி, அங்கே மக்கள் முன்வைத்த வழிகளைச் சட்ட முன்வரைவுகளாக மன்றத்துக்குக் கொண்டுசென்றார். அவ்வாறு 13 சட்டங்கள் நிறைவேறின. அவற்றுள் ஒன்று மிகச் சிறிய விஷயத்தைப் பற்றியது. தெருவோரத் தொலைபேசிகளின் முட்டை வடிவக் கூண்டுகள் கம்பத்திலிருந்து நீட்டிக்கொண்டு அந்தரத்தில் நின்றதால், பார்வையற்றோரின் கைத்தடி தரையில் எதையும் தொட்டு எச்சரிக்காது; தலை போய் மோதும். கூண்டுக்குக் கீழே தரையில் மேடு கட்ட வேண்டும் என்ற விதி, மோதி அடிபட்டவர்கள் ஆடிக்காட்டியதிலிருந்து பிறந்தது. 1996இல் போவால் மறுபடியும் தேர்ந்தெடுக்கப்படவில்லை. மக்களின் யோசனையைச் சட்டமாக்க மன்றத்தில் ஓர் இடமும் ஓர் அலுவலகமும் சம்பளம் பெறும் பணியாளர்களும் வேண்டும் என்பதையும் அந்த நான்காண்டு அனுபவம் காட்டியது.

தமிழில் இத்துறையின் ஆழமான முயற்சிகளுள் ஒன்று மட்டக்களப்பில் நடந்தது. அதை விளங்கிக்கொள்ள 1960களுக்குப் போக வேண்டும். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன், மட்டக்களப்பின் வடமோடி, தென்மோடி என்ற இரு வகைக் கூத்துகளை எடுத்து, விடிய விடிய, மக்கள் சுற்றி அமர்ந்து பார்க்கும் வட்டக்களரியில் ஆடியதை ஒன்றரை மணி நேர அளவுக்குச் சுருக்கி, முன்பக்கம் மட்டும் திறந்த படச்சட்ட மேடைக்கு ஏற்றவாறு அமைத்தார். படித்தவர்கள் ஏளனமாகப் பார்த்த ஒரு கலைக்கு அது பெரும் மதிப்பைத் தேடித் தந்தது. அந்தப் பணியின் அருமையை மறுக்க முடியாது. ஆயினும் கூத்தைப் பற்றிய தீர்மானங்கள் கூத்தைப் பயிற்றுவிக்கும் அண்ணாவியாரிடமிருந்தும் ஊரிடமிருந்தும் பல்கலைக்கழகத்து நெறியாளரின் கைக்கு இடம்பெயர்ந்தன. கிராமத்துக் கூத்து, செம்மைப்படுத்தப்பட வேண்டிய மூலப்பொருள் என்ற இடத்துக்கு வந்தது.

கிழக்குப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சி. ஜெயசங்கரும் அவரோடு இயங்கிய மூன்றாவது கண் குழுவினரும் 2000களின் தொடக்கத்தில் மட்டக்களப்பை அடுத்த சீலாமுனைக் கிராமத்தில் தொடங்கிய கூத்து மீளுருவாக்கம், இந்தக் கேள்வியிலிருந்தே கிளம்பியது. அதை அவர்கள் பங்குகொள் ஆய்வுச் செயற்பாடு என்றே அழைத்தார்கள். கூத்தை ஊரிலிருந்து வெளியே எடுக்காமல், ஊரோடு சேர்ந்து அதை மாற்றிப் பார்ப்பது அவர்கள் எடுத்துக்கொண்ட பணி. ஏனென்றால் கூத்துக்குள்ளேயே ஒதுக்கல் இருந்தது. பெண் பாத்திரங்களையும் ஆண்களே ஆடினார்கள். பெண்கள் களரிக்கு வெளியே இருந்தார்கள். இதிகாசக் கதைகளில் பெண்ணைத் தாழ்த்தும் வரிகளும் சாதியைத் தாங்கும் வரிகளும் தலைமுறை தலைமுறையாகப் பாடப்பட்டு வந்தன. யார் அரசன் வேடம் கட்டுவது என்பதிலும் ஊரின் செல்வாக்கு புகுந்துகொள்ளும். வெளியிலிருந்து வந்தவர் ‘இது பிற்போக்கு’ என்று சொல்லிப் புதுப் பிரதி எழுதித் தருவது எளிது. அந்தப் பிரதியை ஊர் ஆடாது, அல்லது ஒரு முறை ஆடிவிட்டுப் பழையதற்கே திரும்பிவிடும்.

கூத்துப் பழகும் முறையே இந்த ஆய்வுக்குக் களமாக அமைந்தது. ஊர்கூடிக் கூத்தைத் தேர்வது, ஆடுவோருக்குச் சட்டம் (அவரவர் பாத்திரத்துக்குரிய பிரதி) கொடுப்பது, மாதக்கணக்கில் இரவுகளில் தாளக்கட்டும் ஆட்டமும் பழகுவது, சதங்கை அணிவது, அடுக்குப் பார்ப்பது என்ற ஒத்திகை, கடைசியில் அரங்கேற்றம் என்று நீளும் அந்த வழக்கத்தில், ஒவ்வொரு கட்டத்திலும் ஊரார் கூடுகிறார்கள், பேசுகிறார்கள், குறை சொல்கிறார்கள். ஒரு வரியை ஏன் அப்படிப் பாட வேண்டும், அந்த இடத்தில் அவள் ஏன் பேசாமல் நிற்க வேண்டும் என்ற கேள்விகளை அந்தக் கூடல்களில் எழுப்பி, அண்ணாவியாரோடும் ஆடுவோரோடும் பார்ப்போரோடும் வாதித்துப் பிரதியை மாற்றியமைத்தார்கள். வட்டக்களரி மாறவில்லை, மத்தளமும் சல்லாரி என்ற தாளமும் மாறவில்லை, விடியும்வரை ஆடும் நேரமும் குறையவில்லை. மாறியவை கதையின் நியாயங்கள். இதில் சண்டையும் சச்சரவும் இல்லாமல் இருந்திருக்க முடியாது. மரபைக் காப்பவரும் மரபால் காயப்பட்டவரும் ஒரே களரியைச் சுற்றி உட்கார வேண்டியிருந்ததே இம்முயற்சியின் பலம் என்று நான் கருதுகிறேன். போர் நடந்துகொண்டிருந்த, பிறகு 2004 சுனாமியால் சிதைந்த ஒரு மாவட்டத்தில், ஒரு கிராமம் தன் கலையைத் தானே ஆராய்ந்து திருத்திக்கொள்ளும் உரிமையைக் கேட்டது சிறிய காரியம் இல்லை.

இத்தகைய வேலையில் ஆபத்தைத் தாங்குபவர் யார் என்பது ஒருபோதும் தள்ளிவைக்கக்கூடாத கேள்வி. போவாலுக்கு அதைக் கற்பித்தவர் வடகிழக்கு பிரேசிலைச் சேர்ந்த விர்ஜிலியோ என்ற உழவர். நிலத்துக்காக ரத்தம் சிந்துவோம் என்று பாடி, துப்பாக்கிகளை உயர்த்தி நாடகத்தை முடித்த நடிகர்களிடம் அவர் கண்ணீரோடு வந்து, உங்கள் துப்பாக்கிகளை எடுத்துக்கொண்டு வாருங்கள், எங்கள் தோழரின் நிலத்தைப் பிடுங்கிய அடியாட்களை இப்போதே விரட்டுவோம் என்றார். துப்பாக்கிகள் பொய்யானவை என்று தயங்கிச் சொன்னார்கள். நீங்கள் மெய்யானவர்கள்தானே, எல்லோருக்கும் போதுமான துப்பாக்கி எங்களிடம் இருக்கிறது என்றார் அவர். நாங்கள் கலைஞர்கள், உழவர்கள் அல்ல என்று பதில் வந்தபோது, நீங்கள் பாடிய ரத்தம் எங்களுடையதுதான், உங்களுடையது அல்ல என்பது அவருக்குப் புரிந்துபோயிற்று. தாம் ஏற்கத் துணியாத ஆபத்தை அடுத்தவருக்குப் பரிந்துரைக்கும் நாடகத்தைப் போவால் அதன் பிறகு கைவிட்டார்.

சாதிக் கொடுமையையோ வீட்டு வன்முறையையோ பாதிக்கப்பட்டவரையே ஆடச் சொல்லும் பயிற்சிகள் பெருகியிருக்கும் இக்காலத்தில் இதற்கு இன்னொரு முகமும் உண்டு. ஆடியவர் மறுநாளும் அதே தெருவில், அதே குழாயடியில், அதே மனிதர்களுக்கு நடுவே வாழ வேண்டும். பயிற்சி நடத்தியவர் பேருந்தேறிப் போய்விடுவார். எதை ஆடுவது, எதை ஆடாமல் விடுவது, யார் முன்னால் ஆடுவது என்பதை ஆடுபவரே முடிவுசெய்யவும், வேண்டாம் என்று எந்தக் கட்டத்திலும் விலகவும் இடமிருக்க வேண்டும். தன் கதையைத் தானே ஆடாமல் பக்கத்திலிருப்பவரின் கதையாக மாற்றி ஆடுவது, பல கதைகளைக் கலந்து யாருடையதென்று அடையாளம் தெரியாமல் செய்வது, முதலில் தம்மவர் மட்டும் கூடிய இடத்தில் ஆடிப் பார்ப்பது என அனுபவமுள்ள குழுக்கள் கையாளும் வழிகள் இருக்கின்றன. இவற்றுக்கெல்லாம் காலம் பிடிக்கும். கமிரீத்துவில் வாசிப்பிலிருந்து மேடைக்கு வர மாதங்கள் ஆயின. அதற்கு முன்பே எழுத்தறிவு வகுப்பு நடந்திருந்தது. சீலாமுனையில் ஊரின் கூத்துக்காலமே நாட்காட்டியாக இருந்தது. மூன்று நாள் பட்டறையும் ஒரு காணொளியும் ஓர் அறிக்கையும் கேட்கும் நிதித்திட்டங்கள் இந்தக் காலத்தைத் தருவதில்லை. காலம் கிடைக்காத இடத்தில், தலைப்பை வெளியிலிருந்து கொண்டுவருவதைத் தவிர குழுவுக்கு வேறு வழி இருப்பதில்லை.